காரணம் தெரியும் முன்பே: பறவைகளின் கூட்டு நோயும் மீட்பின் இடமும்

ராஜஸ்தானின் சாம்பார் ஏரியில் 2019 நவம்பர் இரண்டாம் வாரம் பறவைகள் கொத்துக் கொத்தாகச் செத்துக் கிடந்தபோது, ஏன் என்று சொல்ல யாராலும் முடியவில்லை. அன்றைய ஜெய்ப்பூர், நாகௌர், அஜ்மீர் மாவட்டங்களைத் தொட்டுக் கிடந்த இந்த ஏரி, இந்தியாவின் மிகப் பெரிய உள்நாட்டு உப்புநீர் ஏரி; பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 1990 முதல் இருப்பது. அவ்வாண்டு பருவமழை நன்றாகப் பெய்து, பல ஆண்டுகள் வறண்டு கிடந்த படுகையில் தண்ணீர் பரந்து நின்றது. வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் தட்டைவாயன், ஊசிவால் வாத்து, கோணமூக்கு உள்ளான், உப்புக்கொத்தி என்று பல இனங்களும் அங்கே இறங்கின. பிறகு சாவு தொடங்கியது. பறவைக் காய்ச்சல் என்றார்கள் சிலர். உப்பு மிகுந்துபோனது என்றார்கள் சிலர். பூச்சிமருந்து, ஆலைக் கழிவு என்ற சந்தேகங்களும் எழுந்தன. போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகம் பறவைக் காய்ச்சல் இல்லை என்றது. பரேலியின் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் அது போட்டுலிசம் என்ற நஞ்சுநோய்தான் என்று உறுதிசெய்வதற்குள் பத்து நாளுக்கு மேல் ஓடிவிட்டது. அரசுக் கணக்கின்படியே 18,000-க்கும் மேற்பட்ட பறவைகள் மாண்டன. ஃபுலேரா அருகே காச்ரோடா நாற்றங்காலில் அமைத்த மீட்பு முகாமுக்கு உயிரோடு வந்து சேர்ந்தவை சில நூறுதான்; அவற்றிலும் ஒரு பகுதியே பிழைத்தது.

இந்தக் கணக்கைப் பார்ப்பவர் மனத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. பதினெட்டாயிரம் போன இடத்தில் சில நூறைத் தூக்கிச் சிகிச்சை செய்து என்ன பயன்? அந்த ஆள்பலத்தையும் பணத்தையும் நோயின் காரணத்தைக் கண்டறிவதில் செலவிட்டிருக்கலாமே? காரணம் தெரியாத கூட்டுச் சாவு எங்கே நேர்ந்தாலும் இந்த விவாதம் வருகிறது. ஒரு தரப்பு துடிக்கும் உயிரை முதலில் பார் என்கிறது. மறு தரப்பு நோயை முதலில் பார் என்கிறது. இரு தரப்பும் மீட்பையும் ஆய்வையும் இரு வேறு வேலைகளாகக் கருதுவதுதான் சிக்கல். காரணம் தெரியாத நோயில் மீட்பு என்பது ஆய்வின் முதல் கட்டம். நோயை அடக்குவதன் முதல் கட்டமும் அதுவே. ஆகவே காரணம் தெரியும்வரை மீட்பை நிறுத்திவைக்கக் கூடாது. அதே வேளையில், காரணம் தெரியாது என்ற நினைப்பு மீட்பவரின் ஒவ்வொரு அசைவிலும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியும் என்பதற்குக் கடந்த நூறாண்டு வரலாற்றில் போதிய சான்று இருக்கிறது.

முதலில் சாம்பாரில் நடந்த நோயையே எடுத்துக்கொள்வோம். போட்டுலிசத்தை உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியா உலகெங்கும் சேற்றில் வித்துகளாக உறங்கிக் கிடக்கிறது. அந்த வித்துகள் பல ஆண்டுகள் அழியாமல் இருக்கக்கூடியவை. காற்றில்லாத, சூடான, அழுகிய புரதம் கிடைக்கும் இடத்தில் அது விழித்துப் பெருகி நஞ்சைச் சுரக்கிறது. நரம்பு தசைக்கு அனுப்பும் வேதிச் செய்தியை அந்த நஞ்சு தடுத்துவிடுகிறது. அதனால் தசை விறைப்பதில்லை, வலிப்பு வருவதில்லை, தளர்ந்து தொங்கிப்போகிறது. நீர்ப்பறவைகளில் பெரும்பாலும் காணப்படுவது இதன் சி வகை. நோயுற்ற வாத்தை அருகில் வைத்துப் பார்த்தால் வரிசை தெளிவாகத் தெரியும். முதலில் பறக்கும் வலு போகிறது. பிறகு கால் செயலிழக்கிறது; பறவை இறக்கையைத் துடுப்பாகப் போட்டு நீரின் மேல் தன்னை இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறது. அடுத்து, கண்ணின் மூன்றாம் இமை பாதி மூடியபடி நின்றுவிடுகிறது. கடைசியில் கழுத்துத் தசை விட்டுப்போய்த் தலை தண்ணீருக்குள் சாய்கிறது. பல பறவைகள் நஞ்சால் மூச்சு நிற்கும் முன்பே நீரில் மூழ்கிச் செத்துவிடுகின்றன. இவ்வளவு நேரமும் அந்தப் பறவை சுற்றி நடப்பதை உணர்ந்தபடியேதான் இருக்கிறது.

இந்த வரிசை நம் வாதத்துக்கு முக்கியமானது. போட்டுலிசத்தால் செத்த பறவையை அறுத்துப் பார்த்தால் இந்நோய்க்கே உரிய தழும்போ வீக்கமோ உள்ளுறுப்பில் எதுவும் இருப்பதில்லை. நோயின் அடையாளம் முழுவதும் உயிரோடிருக்கும் பறவையின் நடத்தையில்தான் இருக்கிறது: எந்தத் தசை முதலில் தளர்ந்தது, இமை எப்படி நின்றது, நினைவு இருக்கிறதா இல்லையா. உறுதிப்படுத்தும் சோதனைக்கும் நோயுற்ற பறவையின், அல்லது அப்போதுதான் செத்த பறவையின் இரத்தம் வேண்டும். அதிலிருந்து பிரித்த சீரத்தில்தான் நஞ்சைத் தேடுகிறார்கள். வெயிலில் இரண்டு நாள் கிடந்து ஊதிய பிணத்தில் நஞ்சு கிடைத்தால்கூட, அது பறவையைக் கொன்ற நஞ்சா, செத்த பின் அழுகலில் ஊறிய நஞ்சா என்ற ஐயம் எஞ்சும். ஆகவே கரையில் தள்ளாடும் பறவையைத் தூக்கி வருபவர் ஆய்வகத்துக்கே முதல் சாட்சியைக் கொண்டுவருகிறார். பிணங்களை மட்டும் பொறுக்கி அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பது, சாட்சி சொல்லக்கூடியவரை விட்டுவிட்டுத் தடயத்தை மட்டும் தேடும் விசாரணை.

இந்நோயின் மறுபாதி பிணத்தில் இருக்கிறது. செத்த பறவையின் உடல் பாக்டீரியாவுக்கு ஏற்ற அடைகாப்பிடம். அதில் ஈ முட்டையிடுகிறது. புழுக்கள் நஞ்சைத் தின்று தம் உடலில் சேர்த்துக்கொள்கின்றன, ஆனால் அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒரு பிணத்தில் ஆயிரக்கணக்கில் புழு நெளியும். ஒரு வாத்தைச் சாய்க்க மூன்று நான்கு புழு போதும். புழு தின்ன வந்த வாத்து அடுத்த பிணமாகிறது, அதிலிருந்து மேலும் பல பிணங்கள். சாம்பாரில் சாவு வேகமெடுத்தது இந்தச் சுழற்சியால்தான். இதை அறுக்கும் வழி ஒன்றே: பிணங்களை வேகமாக அகற்றிப் புதைப்பது அல்லது எரிப்பது. மாநிலப் பேரிடர் மீட்புப் படையும் வனத்துறையும் கால்நடைத் துறையும் தன்னார்வலர்களும் சேற்றில் இறங்கிச் செய்த வேலை பெரும்பாலும் இதுதான். பிணம் பொறுக்கும் படகும் நோயுற்ற பறவையைத் தேடும் படகும் வெவ்வேறானவை அல்ல. ஒரே ஆள், ஒரே சேற்றில், ஒரே சுற்றில் செய்யும் வேலை அது. தள்ளாடும் பறவையை அப்படியே விட்டுவந்தால் மறுநாள் அது புழு வளர்க்கும் இன்னொரு உடலாகக் கிடக்கும். மீட்பு வேறு, நோய்த் தடுப்பு வேறு என்று பிரிக்கும் வாதம் இந்த இடத்திலேயே உடைகிறது.

காரணம் தெரியாமலே சிகிச்சை செய்வது அறிவியலா என்று கேட்கலாம். அதற்கான விடை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நூறாண்டுக்கு முன் கிடைத்தது. 1910-இல் அங்குள்ள பெரிய உப்பு ஏரியின் சதுப்புகளில் லட்சக்கணக்கான வாத்துகள் செத்து விழுந்தன. அலெக்சாண்டர் வெட்மோர் என்ற இளம் பறவையியலாளரை அரசு அங்கே அனுப்பியது. 1914 முதல் 1916 வரை ‘பேர்’ என்ற ஆற்றின் முகத்துவாரத்தில் அவர் வேலை செய்து, 1918-இல் தம் முடிவை அறிக்கையாக வெளியிட்டார். சேற்றில் ஏறிய காரஉப்புகளே வாத்துகளைக் கொல்கின்றன என்பது அவர் முடிவு. அது தவறு. உண்மையான காரணம் போட்டுலிசம் என்பது 1930-களின் தொடக்கத்தில்தான் நிறுவப்பட்டது. ஆனால் வெட்மோர் அங்கே இருந்த காலத்தில் நோயுற்ற வாத்துகளைப் பிடித்து நல்ல நீர் கிடைக்கும் இடத்தில் விட்டுப் பார்த்தார், பெரும்பகுதி பிழைத்தன. உப்பு நஞ்சு என்று நினைத்து அவர் கொடுத்த நல்ல நீர், உண்மையில் போட்டுலிசத்துக்கும் பொருத்தமான மருந்தாக இருந்தது. நஞ்சு உடலில் ஏறுவது நின்று, நிழலும் நீரும் கிடைத்து, தலை நீரில் மூழ்காமல் காக்கப்பட்டால், இலேசாகத் தாக்குண்ட வாத்து சில நாளில் தானே தேறிவிடும். காரணத்தில் தவறியவர் சிகிச்சையில் தவறவில்லை.

வெட்மோர் அத்தோடு நிற்கவில்லை. தேறிய வாத்துகளின் காலில் வளையம் மாட்டி விட்டார். பின்னாளில் வேட்டைக்காரர்களிடமிருந்தும் பிறரிடமிருந்தும் திரும்பி வந்த வளையங்களைக் கொண்டு அவ்வாத்துகள் எங்கெங்கே சென்றன என்று 1923-இல் ஒரு கட்டுரை எழுதினார். நோயிலிருந்து மீண்டவை மற்றப் பறவைகளைப்போலவே நெடுந்தூரம் வலசை போயின என்பதற்கு அதுவே சான்றாயிற்று. வட அமெரிக்க வாத்துகளின் வலசைத் தடங்களைப் பற்றிய ஆரம்பகால அறிவுக்கும் அது உதவியது. மீட்பை ஆய்வாகச் செய்வது என்றால் என்ன என்பதை இந்த எடுத்துக்காட்டு காட்டுகிறது. எத்தனை பறவை வந்தது, எந்த நிலையில் வந்தது, என்ன கொடுத்தோம், எது பிழைத்தது, வளையம் மாட்டி விட்டது எங்கே போனது என்று குறித்து வைத்தால் ஒவ்வொரு பறவையும் ஒரு சோதனை முடிவு. குறிக்காமல் விட்டால் நல்லெண்ணம் மட்டுமே மிஞ்சும். இன்று இந்நோய்க்கு நச்சுமுறி மருந்தும் இருக்கிறது. வாத்துகள் சிகிச்சையில் நன்றாகத் தேறுகின்றன, நாமக்கோழியும் உள்ளான்களும் கடற்காகங்களும் அரிதாகவே தேறுகின்றன என்பதும் இப்படிக் குறித்து வைத்த கணக்குகளால் தெரிந்ததுதான். அடுத்த முகாமில் எந்தப் பறவைக்கு எவ்வளவு நேரம் செலவிடலாம் என்று முடிவெடுக்க இந்த அறிவு வேண்டும்.

இனி எதிர்வாதங்களில் மிகக் கனமானதை எடுத்துக்கொள்வோம்: ஆபத்து. சாம்பாருக்கு ஓராண்டுக்குப் பின், 2020 முடிந்து 2021 பிறந்த நாள்களில், இமாசலப் பிரதேசத்தின் போங் அணை நீர்த்தேக்கத்தில் ஆயிரக்கணக்கான பறவைகள் செத்தன. பெரும்பாலும் வரித்தலை வாத்துகள். கரையில் நின்று பார்ப்பவருக்கு அது சாம்பாரின் மறுபதிப்பாகவே தோன்றியிருக்கும். சோதனையில் வந்ததோ எச்5என்1 என்ற கொடிய பறவைக் காய்ச்சல். அதே மாதம் ராஜஸ்தானில் காகங்களும் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் பகுதிகளில் வளர்ப்பு வாத்துகளும் எச்5என்8 வகையால் இறந்தன. போட்டுலிசத்தின் சி வகை மனிதருக்குப் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. எச்5என்1 மனிதரையும் கொல்லும். ஆர்வத்தில் வெறுங்கையோடு தூக்கி, பைக்கில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், கோழிக்கூண்டின் பக்கத்தில் வைக்கும் ஒரு பறவை ஒரு வட்டாரத்தின் கோழிப்பண்ணைகளையே காலிசெய்யக்கூடும். போங் அணையில் நீர்த்தேக்கத்தைச் சுற்றி மக்கள் நடமாட்டத்தைத் தடுத்து, பாதுகாப்பு உடை அணிந்தவர்கள் மட்டும் பிணங்களை அகற்றியது சரியான முடிவு. அங்கே சிகிச்சை முகாம் திறக்காததைக் குறை சொல்ல முடியாது.

இந்த வாதத்தை முழுமையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதிலிருந்து பெறப்படும் முடிவு மீட்பைக் கைவிடுவது ஆகாது. மீட்பின் வரிசையை ஒழுங்குபடுத்துவதே. காரணம் தெரியாத முதல் நாள்களில் ஒவ்வொரு பறவையும் காய்ச்சல் கொண்டது என்றே கொள்ள வேண்டும். கையுறை, முகமூடி, கண்ணாடி, தனி உடை இல்லாத எவரும் தொடக் கூடாது. பயிற்சி பெற்ற சிலர் மட்டும் கரையில் இறங்க வேண்டும். பொதுமக்கள் செய்ய வேண்டியது இடத்தைக் குறித்துத் தகவல் கொடுப்பதும் நாய்களையும் குழந்தைகளையும் அண்டவிடாமல் பார்ப்பதும்தான். முகாம் வேறு எந்தப் பறவைக் காப்பகத்துக்கும் பண்ணைக்கும் தொலைவில், ஏரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும். காய்ச்சல் சோதனை முதலில் நடக்க வேண்டும். அதன் முடிவு மற்ற சோதனைகளைவிட விரைவில் கிடைக்கக்கூடியது. காய்ச்சல் இல்லை என்று தெரிந்த நாளில் முகாமை விரிக்கலாம். இருக்கிறது என்று தெரிந்தால் சுருக்கலாம். சுருக்குவதிலும் விதிவிலக்கு உண்டு. 2023-இல் அமெரிக்காவின் அரிசோனா, யூட்டா பகுதியில் கலிபோர்னியக் காண்டர் கழுகுகளை எச்5என்1 தாக்கி 21 பறவைகளைக் கொன்றது. உலகில் ஐந்நூறு அளவிலேயே இருக்கும் இனம் அது. நோயுற்றவற்றைத் தனிமைப்படுத்திச் சிகிச்சை செய்தார்கள், நான்கு பிழைத்தன. அந்த ஆண்டே அந்த இனத்துக்குத் தடுப்பூசி போட்டுப் பார்க்க அனுமதி கிடைத்தது. காய்ச்சல் என்று தெரிந்த பின்னும், போதிய காவலோடு, சிகிச்சை சாத்தியம் என்பதை இது காட்டுகிறது.

இரண்டாவது எதிர்வாதம் எண்ணிக்கை பற்றியது. மீட்டு விட்ட பறவைகள் உண்மையில் பிழைக்கின்றனவா? இங்கும் நேர்மையாகப் பேச வேண்டும். எண்ணெய்க் கசிவில் சிக்கித் தூய்மைசெய்து விடப்பட்ட கடற்பறவைகளைப் பற்றி 1996-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, வளையம் மாட்டிய பறவைகளின் பதிவுகளைக் கொண்டு, அவற்றில் பல விட்ட சில நாள்களிலேயே இறந்துபோயின என்று காட்டியது. மாறாக, 2000-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் டிரெஷர் என்ற கப்பல் மூழ்கியபோது எண்ணெயில் நனைந்த ஏறத்தாழ 19,000 பென்குவின்களைப் பிடித்துக் கழுவினார்கள். பத்தில் ஒன்பது அளவுக்குக் கடலுக்குத் திரும்பின. இனம், காலம், சிகிச்சைத் திறன், திரும்பிப் போகும் இடத்தின் நிலை என்று பலவற்றைப் பொறுத்து முடிவு மாறுகிறது. பெருங்கூட்டமாக வாழும் தட்டைவாயனின் மொத்த எண்ணிக்கையில் காச்ரோடா முகாம் எந்த மாற்றத்தையும் செய்திருக்காது என்பது உண்மை. ஆகவே மீட்பை உயிர்க்கணக்கால் மட்டும் நியாயப்படுத்துபவர் அந்தக் கணக்காலேயே தோற்பார். நாம் சொல்வது வேறு: பிழைத்த பறவை ஒரு பயன், கிடைத்த அறிவு மற்றொரு பயன், அறுபட்ட சுழற்சி மூன்றாவது. மூன்றையும் ஒரே செலவில் பெற முடிகிறபோது முதலாவதை மட்டும் எடைபோட்டு வீண் என்பது கணக்குப் பிழை.

அறிவு என்ற பயன் எவ்வளவு பெரிது என்பதற்கு இந்தியப் பாறுக் கழுகுகளைவிடச் சிறந்த சான்று இல்லை. 1990-களில் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் கழுகுகள் தலை தொங்கி மரக்கிளையில் உட்கார்ந்திருந்து, பிறகு விழுந்து செத்ததைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் பதிவுசெய்தார். தொற்றுநோய் என்றே பலரும் முதலில் நினைத்தார்கள். காரணம் தேடுவதற்காக 2001-இல் ஹரியாணாவின் பிஞ்சோரில் ஒரு கழுகுப் பராமரிப்பு மையம் தொடங்கப்பட்டது. நோயுற்ற கழுகுகளைக் கொண்டுவந்து பார்ப்பதே அதன் நோக்கம். 2004-இல் லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு பாகிஸ்தானில் செய்த ஆய்வின் மூலம், மாடுகளுக்குப் போடும் வலிமருந்தான டைக்ளோபினாக், செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்கிறது என்று நிறுவியது. 2006-இல் இந்தியா கால்நடைகளுக்கான அம்மருந்தைத் தடைசெய்தது. பிஞ்சோர் மையம் அதற்குள் கழுகுகளை இனப்பெருக்கம் செய்யும் மையமாக மாறியிருந்தது. நோயாளியைப் பார்க்கக் கட்டிய இடத்தில் கற்ற பராமரிப்பு அனுபவம்தான், இனத்தையே காக்கும் முயற்சிக்கு அடிப்படை ஆனது. இன்று தமிழ்நாட்டில் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சி நிற்கும் கழுகுகளுக்காக வலிமருந்துகளைக் கண்காணிக்கும் வேலையும் அந்தக் கண்டுபிடிப்பின் தொடர்ச்சிதான்.

மூன்றாவது எதிர்வாதம், இயற்கையின் போக்கில் குறுக்கிடாதே என்பது. நோயும் சாவும் காட்டின் நியதி; பலவீனமானவை போகட்டும், வலியவை எஞ்சட்டும் என்கிறது அது. கேட்கத் தத்துவமாகத் தோன்றும் இவ்வாதம் நடைமுறையில் ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது: சாவின் காரணம் இயற்கையானது என்று. காரணம் தெரியாதபோது அந்த அனுமானத்துக்கு ஆதாரம் ஏது? கழுகுகளை இயற்கை கொல்கிறது என்று விட்டிருந்தால் ஊசிமருந்து கொன்றது தெரியவந்திராது. சாம்பாரில் பாக்டீரியா இயற்கையானது. ஆனால் ஏரிக்கு வரும் ஆறுகளின் குறுக்கே அணைகளும் தடுப்புகளும், படுகைக்குள் உப்பளங்களும் ஆழ்துளைக் கிணறுகளும் வந்து நீரின் வரவையும் உப்பையும் மாற்றியது மனிதச் செயல். ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் தானே முன்வந்து பறவைகளின் சாவை வழக்காக எடுத்ததும் ஏரியின் இந்த நிலை பற்றிய கேள்வியையும் சேர்த்தேதான். நஞ்சு எந்தப் பறவை வலியது என்று தேர்ந்தெடுத்துக் கொல்வதில்லை. புழு தின்ற பறவையைக் கொல்கிறது. ஆகவே தேர்வு என்ற பேச்சுக்கும் இங்கே இடமில்லை. இயற்கை என்று உறுதியான இடத்தில் ஒதுங்கி நிற்பது நியாயமாக இருக்கலாம். தெரியாத இடத்தில் ஒதுங்கி நிற்பது தெரிந்துகொள்ள மறுப்பது.

எல்லாப் புதிரும் அவிழ்ந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. 2021 வசந்தத்தில் வாஷிங்டன் நகரிலும் அதைச் சுற்றிய மாநிலங்களிலும் இளம் ராபின்களும் புளூ ஜே, கிராக்கிள் பறவைகளும் கண் வீங்கி, பொருக்கு தட்டி, தள்ளாடி விழுந்தன. பறவைக் காய்ச்சல், சால்மோனெல்லா, வெஸ்ட் நைல், நியூகேசில் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கினார்கள். தீவனத் தட்டுகளை எடுத்துவிடும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். கோடை முடிவதற்குள் நோய் தணிந்தது. காரணம் இன்றுவரை உறுதியாகவில்லை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலும் நியூ சௌத் வேல்ஸின் வடபகுதியிலும் லாரிகீட் கிளிகளைப் பல ஆண்டுகளாகப் பக்கவாதம்போன்ற நோய் தாக்குகிறது. ஏதோ ஒரு செடியின் நஞ்சு என்ற ஐயம் வலுவாக இருந்தும் அந்தச் செடி எது என்று பிடிபடவில்லை. அங்கே கிளிகளைக் காத்து வருவது காரணம் அறியாத பராமரிப்புதான்: நீர், உணவு, தனிமை, கண்ணுக்கு மருந்து, வாரக்கணக்கில் பொறுமை. காரணம் தெரிந்தால்தான் சிகிச்சை என்பவர் ஆண்டுதோறும் அந்தக் கிளிகளை வெறுமனே எண்ணிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

விடை தாமதமாக வரும் இடத்தில் எதைச் சேமித்து வைத்தோம் என்பதே முக்கியம். 1961 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவை ஒட்டிய கப்பிடோலா ஊரில் கடற்பறவைக் கூட்டம் ஒன்று இரவில் வெறிபிடித்ததுபோல் வீடுகளிலும் விளக்குக் கம்பங்களிலும் மோதி விழுந்தது. அப்போது எவரும் காரணம் சொல்ல முடியவில்லை. 1991-இல் அதே விரிகுடாவில் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் நிலைகுலைந்து செத்தபோது, நுண்பாசி ஒன்று சுரக்கும் டோமோயிக் அமிலம் என்ற நரம்பு நஞ்சு காரணம் என்று கண்டார்கள். அதன் பிறகு, 1961-இல் அந்தக் கடற்பகுதியில் எடுத்துப் பாதுகாத்து வைத்திருந்த மிதவை நுண்விலங்கு மாதிரிகளைத் திறந்து பார்த்து, நஞ்சு சுரக்கும் பாசிவகை அவ்விலங்குகளின் குடலில் நிறைந்திருந்ததை ஐம்பது ஆண்டு கழித்து வெளியிட்டார்கள். யாரோ ஒருவர் குப்பியை எறியாமல் வைத்திருந்ததால் கிடைத்த விடை அது. மீட்பு முகாமில் ஒவ்வொரு பறவையிடமிருந்தும் சில துளி இரத்தம், எச்சம், உணவுப்பையில் இருந்தது, ஏரியின் நீர், சேறு என்று எடுத்துக் குளிரில் வைப்பது இதனால்தான் சிகிச்சைக்கு இணையான வேலை.

இவ்வளவையும் ஏரி நாறத் தொடங்கிய பிறகு ஏற்பாடு செய்ய முடியாது. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் காட்டுயிரைப் பிடிப்பதையும் வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. காட்டுயிர் உயிரோடோ பிணமாகவோ ஒருவர் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ அதிகாரம் பெற்ற அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது அதன் 39-ஆம் பிரிவு. கள்ள வேட்டையைத் தடுக்க இந்தக் கண்டிப்பு தேவை. ஆனால் கூட்டுச் சாவின்போது அனுமதிக் கடிதம் மேசை மேசையாக நகரும் நேரத்தில் மாதிரி அழுகிவிடும். உறுதிச் சோதனைக்கான ஆய்வகங்கள் போபாலிலும் பரேலியிலும் இருப்பதால் தெற்கிலுள்ள ஏரிக்குத் தாமதம் இன்னும் கூடும். தமிழ்நாட்டில் 2025 தொடக்கத்தில் 20 ராம்சார் தலங்கள் இருந்தன. கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்துகள் போங் அணையில் செத்த அதே இனம். கோடியக்கரைக்கும் சாம்பாருக்கும் வருபவை ஒரே மத்திய ஆசிய வலசைப் பாதையின் பறவைகள். பறவையியல் ஆய்வுக்கென்றே சாலிம் அலி மையம் கோவையில் இருக்கிறது. கால்நடைப் பல்கலைக்கழகம் சென்னையில் இருக்கிறது. இவர்களையும் வனத்துறையையும் ஊர்மக்களையும் இணைத்து, எந்த ஏரியில் யார் இறங்குவது, மாதிரி எந்த வண்டியில் எங்கே போவது, அனுமதியை முன்கூட்டியே யார் கொடுத்து வைப்பது என்று பருவம் தொடங்கும் முன்பே எழுதி வைப்பது பெரிய செலவில்லாத காரியம்.

அப்படி முன்னறிவோடு செய்தால் என்ன வித்தியாசம் என்பதற்குச் சாம்பாரே ஒரு குறிப்பைத் தருகிறது. 2024 இலையுதிர்காலத்தில் அங்கே மீண்டும் போட்டுலிசம் வந்தது. இம்முறை நோய் எது என்று ஊகிக்க முன்னனுபவம் இருந்தது. பிணம் அகற்றலும் நோயுற்றவற்றைத் தூக்கி வருவதும் உடனே தொடங்கின. சாவு நூற்றுக்கணக்கோடு நின்றது. நீரளவும் வெப்பமும் பறவைகளின் வரவும் ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை. ஆகவே முழுப் புகழையும் முன்தயாரிப்புக்கே கொடுப்பது அவசரம். ஆனால் 2019-இன் முகாமில் கற்றது 2024-இல் பயன்பட்டது என்ற அளவில் ஐயமில்லை. காரணம் தெரியாத கூட்டு நோயில் மீட்பை இரக்கத்தின் கணக்கில் எழுதினால் அது எப்போதும் பற்றாக்குறையாகவே தெரியும். நோயறிதலின் கணக்கிலும் நோய்த் தடுப்பின் கணக்கிலும் சேர்த்து எழுதினால், அதை ஒதுக்கீடும் பயிற்சியும் பொறுப்பும் உள்ள ஓர் அரசுப் பணியாகக் கேட்பதற்கு நியாயம் கிடைக்கிறது. தன்னார்வலரின் நல்ல மனத்தை நம்பி இனியும் விட்டுவைக்கத் தகாத பணி அது.